வாடைக் காற்றில் மறந்துபோன தோட்டம்

"என்ரை போர்ட்டிலை பிழையில்லை" என்று சொல்வதில் மர்ழியாவுக்கு ஒரு தனி இன்பம். சொல்லும்போது தாடை கொஞ்சம் மேலே எழும்பும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடையொன்றில் பத்து வருடமாக வேலை செய்கிறாள். ஐந்து பேர் இருந்து வேலை செய்யும் நீட்டு மேசையில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற நாலு பேரும் கைவிட்ட போன்கள் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். பெரும்பாலும் உயிரோடுதான் திரும்பிப் போகும். இப்படிப்பட்ட ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தால் யாரும் குறை சொல்ல ஏலாது. ஆனால் அந்தத் தலைக்கனம் அவளுடைய ஒரே சிநேகிதியை நாலு மாதம் வாட்டி எடுத்தது. அதைச் சொல்லாமல் மர்ழியாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

கடைக்கு ஒருநாள் யாரோ ஒரு பழைய ரீவி கேம் பெட்டியைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை. எண்பதுகளில் ஜப்பான்காரர் செய்த பெட்டியைப் பார்த்துச் செய்தது. கசெற்றைச் செருகி, வயரை ரீவியில் கொடுத்து விளையாடுவது. ஒரு வருடம் தட்டில் தூசி பிடித்துக் கிடந்த பிறகு முதலாளி, "பிள்ளை, உதை நீயே கொண்டு போ" என்றார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தாள். திறந்தவள் இன்றுவரை மூடவில்லை.

அந்தப் பெட்டிக்கு உள்ளே இருந்த நினைவு மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு எழுத்துக்குத்தான் போதும். பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினால் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு மலையும் முகிலும் பாயும் மனிதனும் பாட்டும் என்று ஒரு உலகத்தையே காட்டியிருக்கிறார்கள். அவள் திருத்தும் போன்கள் ஒரு கலியாணப் படத்தைத் திறக்கவே இதைவிட ஆயிரம் மடங்கு தின்கின்றன, பிறகும் இடம் போதாது என்று அழுகின்றன. ஆனால் அவளை உண்மையில் வாயடைக்க வைத்தது கசெற் செருகும் இடம். அங்கே அறுபது பித்தளைப் பற்கள். ஒவ்வொன்றாக மீற்றர் பிடித்துப் பார்த்தபோது, அந்தப் பெட்டிக்குத் தேவைப்படாத லைன்களும் வெளியே வந்திருப்பதைக் கண்டாள். இங்கே நினைவைக் கூட்டலாம், இங்கே சத்தத்தைக் கலக்கலாம், இங்கே உள்ளே நடப்பதைத் தட்டி நிறுத்தலாம் என்று, எவரோ ஒரு என்ஜினியர் தனக்கு உதவாத வாசல்களையும் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் அதைச் செய்யும்போது மர்ழியா பிறக்கவேயில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதர் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த மரியாதை, பள்ளியில் படிப்பித்த ஒருவர் மேலும் வந்ததில்லை.

பிரசாந்தி வந்தது உடைந்த போனோடு. உரும்பிராயில் தோட்டக்காரக் குடும்பம்; நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறாள். மர்ழியா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியை மேசையில் விரித்து வைத்திருந்ததைக் கண்டு, போனை மறந்துவிட்டு, "உதுக்குள்ளை எவ்வளவு இடமிருக்கு?" என்று கேட்டாள். விளையாட்டு என்ன, எங்கே வாங்கினது என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள். இடம் எவ்வளவு என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். ஒரு மாதத்துக்குள் 'நீங்கள்' போய் 'நீர்' ஆகி, 'நீர்' போய் 'நீ' ஆகிவிட்டது.

பிரசாந்தி மூன்று வருடமாக அந்தப் பெட்டிக்கு ஒரு விளையாட்டு எழுதினாள். சுடுவதும் குத்துவதும் இல்லை. ஒரு செம்மண் தோட்டம், ஒரு கிணறு, முந்நூறு பாத்தி. வெங்காயம் வைக்கலாம், பீட்றூட் வைக்கலாம், மிளகாய் வைக்கலாம். ஒவ்வொரு பாத்தியும் தனக்குள்ளே முன்பு என்ன நட்டது, எவ்வளவு தண்ணீர் கட்டியது என்று வருடக் கணக்காக நினைவு வைத்திருக்கும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் மண் கோவித்துக்கொண்டு விளைச்சலைக் குறைக்கும். முந்நூறு பாத்தியின் ஞாபகமும் கொப்பி இரண்டு பக்கத்தில் எப்படி அடங்கும்? அதற்குத்தான் மர்ழியா சிப்புகளை வைத்துச் செய்த சர்க்கியூட் போர்ட். கசெற் செருகும் இடத்தில் செருகினால் பெட்டிக்குப் பதினாறு மடங்கு நினைவு கூடும். பெட்டியை நிறுத்தினாலும் ஒரு சின்ன மணிக்கூட்டுப் பற்றரி அந்த நினைவைக் காத்து நிற்கும்.

முதலாவது போர்ட் புகைந்தது. இரண்டாவது ஒன்றும் செய்யவில்லை, புகையக்கூட இல்லை. மூன்றாவதை ஆடி மாதம் செருகியபோது ரீவியில் முந்நூறு பாத்தியும் சிவப்பாக விரிந்தன. இருவருமாக ஒரு பாத்தியில் வெங்காயம் நட்டார்கள். பெட்டியை நிறுத்தி, வயரையும் கழற்றி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டார்கள். நட்ட வெங்காயம் நட்ட இடத்தில் நின்றது. ஒரு டோர்ச் பல்பு முக்கால் மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் மின்சாரத்தை, அந்த நினைவுச் சிப் பத்து வருடம் வைத்துச் சாப்பிடும் என்று மர்ழியா கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு ரீச்சரே அதை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இல்லை என்று சொல்லக்கூடிய அளவு மின்சாரம். அதில் ஒரு தோட்டம் உயிரோடு இருக்கிறது. பிரசாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டு முடிந்ததும் இந்தப் போர்ட்டைச் செய்யும் வரைபடத்தை விரும்பின எல்லாருக்கும் கொடுப்பது என்று அன்றைக்கே கதைத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் குழப்பம் தொடங்கியது. போர்ட்டைப் பிரசாந்தி உரும்பிராய்க்குக் கொண்டுபோய்த் தன் அறை யன்னலோரம் வைத்திருந்தாள். ஒருநாள் காலமை பெட்டியைப் போட, வெங்காயப் பாத்தி ஒன்று கல்லாகிக் கிடந்தது. இன்னொரு நாள் கிணற்றைக் காணவில்லை. போர்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். மர்ழியா அதைக் கடையில் மூன்று நாள் வைத்துச் சோதித்தாள். ஒரு பாத்திகூட அசையவில்லை.

"என்ரை போர்ட்டிலை பிழையில்லை" என்றாள். "உன்ரை புரோகிராமைப் பார்."

பிரசாந்தி பார்த்தாள். இரண்டு கிழமை பார்த்து, ஏழு பிழை கண்டுபிடித்துத் திருத்தினாள். கல் இன்னும் கூடியது. இன்னும் திருத்தினாள், இன்னும் கூடியது. புரட்டாதி போய் ஐப்பசி வர, தான் கை வைக்க வைக்கத்தான் தோட்டம் நாசமாகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கார்த்திகையில் ஒருநாள் போனில், "நீ ஒருக்கா வடிவாப் பாரன், போர்ட்டிலை ஏதும் இருக்குமோ தெரியாது" என்று கேட்டாள். கெஞ்சல் மாதிரித்தான் இருந்தது. மர்ழியா போர்ட்டை வாங்கித் திரும்பவும் கடையில் வைத்துப் பார்த்தாள், திரும்பவும் அதே பதிலைச் சொன்னாள். அதற்குப் பிறகு பிரசாந்தி கேட்கவில்லை.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் அவள் கடைக்கு வந்து, போர்ட்டையும் ஒரு கொப்பியையும் மேசையில் வைத்தாள். "இந்தாரும், உம்மடை போர்ட். தைப்பொங்கலோடை நான் இதை விடுறன். எனக்கு உது சரிவராது." நாலு மாதத்தில் 'நீ' திரும்பவும் 'நீர்' ஆகிவிட்டிருந்தது. மூன்று வருட வேலை என்று மர்ழியா வாயெடுக்க முதல் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கடை பூட்டு. மர்ழியா வீட்டில் கொப்பியைத் திறந்தாள். அதைத் திறந்தபிறகுதான் தன் சிநேகிதி என்ன ஆள் என்று அவளுக்கே தெரிந்தது. பிழை எங்கே என்று பிடிக்க முடியாததால், பிரசாந்தி தோட்டம் தன்னைத்தானே திருத்திக்கொள்ள ஒரு வழி செய்திருக்கிறாள். சைபரும் ஒன்றுமாக நிற்கும் ஒவ்வொரு நாலு எண்ணுக்கும் பின்னால் மூன்று காவல் எண். ஏழில் எந்த ஒன்று கெட்டாலும், மற்ற ஆறும் சேர்ந்து கெட்டது எது என்று காட்டிக்கொடுக்கும். புரோகிராம் அதைத் திருப்பி நிமிர்த்தும். இந்த வித்தையை உலகத்தில் வேறு எவரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார் என்பதுகூடத் தெரியாமல், வெங்காயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே வெறியில், பென்சிலால் போட்டுப் போட்டு அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். மர்ழியா அந்தப் பக்கங்களைத் தொடப் பயந்தவள் மாதிரி மெதுவாகத் திருப்பினாள்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நூற்றுச் சொச்சம் காலமைகள். ஒவ்வொரு நாளும் பெட்டியைப் போட்டவுடன் இரவோடு எத்தனை காயம் பட்டது, எத்தனை ஆறியது என்று புரோகிராம் எண்ணிச் சொன்னது. ஆவணிக் கடைசியில் இரண்டு, சைபர், மூன்று. புரட்டாதியில் ஐந்து, எட்டு. ஐப்பசி நடுவில் நாற்பது. கார்த்திகையில் புயல் தூறல் அடித்த நாளன்று இருநூற்றுப் பதினாலு. அதில் ஆறைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் புரோகிராம் நிமிர்த்தியிருந்தது. ஒரே ஏழுக்குள் இரண்டு கெட்டுப்போன அந்த ஆறும்தான் கல். ஐப்பசியில் ஒரேயொரு நாள் மட்டும் சைபர் என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'அம்மா யன்னலுக்குள்ளாலை தூவானம் அடிக்குதெண்டு பெட்டியை அடுப்படித் தட்டிலை வைச்சவ.'

மர்ழியா அந்த வரியை நாலைந்து தரம் வாசித்தாள். தென்மேற்கிலிருந்து சோளகம் வறண்டு வீசிய நாள்களில் காயம் சொற்பம். வாடை திரும்பி ஈரம் ஏற ஏறக் காயம் கூடுகிறது. அடுப்படிச் சூட்டில் காயமே இல்லை. கடையில் ஒருநாளும் இல்லை, கடையில் ஏசி. புரோகிராம் எவ்வளவு மோசமாக எழுதியிருந்தாலும் அதற்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியுமா? தெரியாது. காற்று தெரிவது போர்ட்டுக்குத்தான்.

கடையிலிருந்து கொண்டுவந்த போர்ட்டை மேசையில் வைத்தாள். மீற்றரை எடுத்தாள். பெட்டி நிற்கும்போது நினைவுச் சிப்பின் கதவைப் பூட்டி வைத்திருக்கும் லைன் ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் மூன்று வோல்ற் நிற்க வேண்டும். நின்றது. பிறகு குனிந்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல, போர்ட்டின் மேல் வாயால் ஆவி விட்டாள்.

மூன்று, இரண்டரை, இரண்டு, ஒன்றரை என்று இறங்கியது.

"சுபஹானல்லாஹ்" என்றாள் மெதுவாக. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சின் ஈரத்துக்கே பூட்டுத் திறந்துகொள்கிறது; திறந்தால் கண்ட கண்ட எண்ணும் உள்ளே புகுந்து எழுதிவிடும். உரும்பிராயில் விடியப்புறம் பனி இறங்க, தோட்டத்துக்குத் தூறல் குழாய் திறக்க, யன்னலால் வந்த ஈரம் ஒவ்வொரு நாளும் இந்தக் கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறது. ஆவி காய, எண் திரும்பவும் மூன்றுக்கு ஏறியது. அவள் இன்னொரு தரம் ஊதிப் பார்த்தாள், இன்னொரு தரம். பத்து வருடம் மேசையில் இருந்தும் இப்படியொன்றைக் கண்டதில்லை. பயமாகவும் இருந்தது, நெற்றியை நிலத்தில் வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

பூட்டு லைனுக்குப் பக்கத்தில், சிப்பின் காலடியில், வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் இன்னும் மோசம்.

நாடு முழுக்க எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு வந்த வருடத்தில் போர்ட் கழுவும் ஸ்பிரிட் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போதிருந்து வீட்டில் செய்யும் போர்ட்டுகளை அவள் ஈயம் பிடிக்கத் தண்ணீரில் கரையும் பசை போட்டு வேலை செய்து, பல்லுத் தேய்க்கும் பிரஷால் உரஞ்சி, கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைப்பாள். வேறு கிணறு என்றால் யோசித்திருப்பாள். அவள் வீடு இருக்கும் சோனகத் தெருவில் முக்கால்வாசிக் கிணறும் உவர். இவர்களுடைய கிணறு நல்ல தண்ணீர். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது மர்ழியா இரண்டு வயதுக் குழந்தை, புத்தளத்தில்தான் வளர்ந்தாள். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, அறைக்குள் வேம்பு நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. வாப்பா ஜவாஹிர் அதை இறைத்துத் துப்புரவாக்கி, முதல் வாயைக் குடித்துவிட்டு, "மாறேல்லை" என்றார். புத்தளத்துக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரருக்குப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோவார். அந்த வீட்டில் எதைச் சந்தேகப்பட்டாலும் கிணற்றைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டு கண்ணாடித் துண்டு எடுத்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி, மற்றதில் முற்றத்தில் வைத்த சட்டியில் விழுந்த மழைத் தண்ணீர் ஒரு துளி. மழை விட்டு வெயில் எறித்த நேரம் பார்த்துக் காயவைத்தாள். மழைத் துளி இருந்த இடமே தெரியவில்லை. கிணற்றுத் துளி வெள்ளை வட்டமாக நின்றது. அந்த வட்டத்தில் சுண்ணாம்போடு உப்பும் இருக்கும். ஈரத்தைக் கண்டால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பசையின் மிச்சமும் அதோடு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வாப்பாவிடம் காட்டுவதா விடுவதா என்று மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் நினைத்தாள்.

"கேத்திலுக்குள்ளையும் உதுதானே பிடிக்கிறது" என்றார். "உது கல்லு, மகள். நாங்கள் இருக்கிறதே கல்லுக்கு மேலைதான். மழை கல்லுக்குள்ளாலை இறங்கி வரேக்கை கொஞ்சத்தைக் கரைச்சுக்கொண்டு வருது. அந்த உருசை எங்கையிருந்து வருதெண்டு நினைச்சனீர்?"

மர்ழியா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாப்பா இருபது வருடம் ஏங்கிய இனிப்பும் இதுதான், பிரசாந்தியின் வெங்காயத்தைக் கல்லாக்கியதும் இதுதான். எத்தனை ஆயிரம் வருடத்து மழை, எவ்வளவு ஆழத்துக் கல், அது ஒரு போர்ட்டின் நகத்தளவு மூலையில் வந்து ஒரு பூட்டைத் திறக்கிறது. அவள் வேலை செய்வது வயரோடும் சிப்போடும் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

போர்ட்டை மழைத் தண்ணீரில் ஊறவைத்து, உரஞ்சி, திரும்பவும் மழைத் தண்ணீரில் கழுவி, ஹெயார் ட்ரையரால் காயவைத்தாள். ஊதினாள். மூன்று வோல்ற். எவ்வளவு ஊதியும் மூன்று.

சனிக்கிழமை பின்னேரம் நல்லூர் ரியூசன் சென்ரருக்குப் போனாள். இரண்டு வகுப்புக்கு இடையில் பிரசாந்தி சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையடியில் தேத்தண்ணியோடு நின்றாள்.

"பிழை என்ரை" என்றாள் மர்ழியா. "போர்ட்டிலைதான். எங்கடை கிணத்துத் தண்ணியிலை கழுவினது. ஈரம் பட்டாப் பூட்டுத் திறக்குது. உன்ரை புரோகிராமிலை ஒண்டுமில்லை. இப்ப மழைத்தண்ணியிலை கழுவிக் கொண்டந்திருக்கிறன்." கண்ணாடித் துண்டையும் நீட்டினாள்.

பிரசாந்தி வாங்கி வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உமக்கு எப்ப சந்தேகம் வந்தது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மர்ழியாவின் வாய்வரை அந்தச் சொல் வந்தது.

"ஆவணியிலை" என்றாள். "நீ முதல் தரம் திருப்பிக் கொண்டந்து தரேக்கை, சிப்புக்குக் கீழை வெள்ளையாக் கிடந்தது. கண்டனான். நகத்தாலை சுரண்டிப்போட்டு விட்டிட்டன். எங்கடை கிணறெண்டதாலை மேலை யோசிக்க மனம் வரேல்லை. பிறகு பிழையில்லை எண்டு சொல்லிப்போட்டன். சொன்னதை மாத்தவும் மனம் வரேல்லை."

பிரசாந்தியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நாலு மாசமா எனக்கு மூளை குழம்பிப்போச்சுதெண்டு நினைச்சுக்கொண்டு வகுப்புக்குள்ளை போய் வந்தனான். ஏ-லெவல் பிள்ளையளுக்குக் கணக்குச் செய்து காட்டேக்கை ஒவ்வொரு வரியையும் அழிச்சழிச்சு எழுதுவன். தெரியுமோ உமக்கு?"

மணி அடித்தது. பிரசாந்தி தேத்தண்ணியை வைத்துவிட்டு, போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பிறகு போனும் இல்லை, செய்தியும் இல்லை. வாடை விடாமல் வீசியது. ஒவ்வொரு காலமையும் ஓடு நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மர்ழியா கடைக்கு வெளிக்கிடுவாள். கடையில் யாராவது ஒரு போனைக் காட்டி இது எதனால் என்று கேட்டால், "பாத்திட்டுச் சொல்லுறன்" என்றாள். தைப்பொங்கல் வந்து போனது. பொங்கலோடு விடுகிறேன் என்று பிரசாந்தி சொன்னது நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது. மூன்று வருடம், முந்நூறு பாத்தி, ஒரு சிநேகிதி. எல்லாம் தன் தாடையால் போயிற்று என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலமை போன் அடித்தது.

"இருபத்தாறு காலமை" என்றாள் பிரசாந்தி, வேறு ஒன்றும் சொல்லாமல். "யன்னலடியிலைதான் வைச்சனான். ஒருநாள் ஈரத்துணியாலை மூடியும் வைச்சனான். எல்லாம் சைபர்."

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, மர்ழியாவின் வாயில் போன் திருத்துகிறவளின் புத்திக்கு வருவதுதான் வந்தது. "அப்ப அந்தக் காவல் எண் எல்லாத்தையும் எடுத்துவிடு. இனித் தேவையில்லைத்தானே. விளையாட்டும் வேகமா ஓடும், இடமும் மிச்சம்."

"எடுக்கமாட்டன்."

"ஏன்?"

"இந்தப் போர்ட்டின்ரை வரைபடத்தை எல்லாருக்கும் குடுக்கிறதெண்டுதானே கதைச்சனாங்கள். எங்கையெங்கையோ இருக்கிற சனம் வீட்டிலை வைச்சுச் செய்யப்போகுது." பிறகு பிரசாந்தி சொன்னாள்: "ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை கிணத்திலைதான் கழுவுவினம், மர்ழியா. நீ மட்டுமில்லை."